மேனேஜரின் முதல் வார்த்தை

மேனேஜர் பேசப்போகும் முதல் வார்த்தை "அப்பா"வாகத்தான் இருக்க வேண்டும் என்று போன மாதம் முடிவு செய்தேன். முடிவு செய்தது நான். பேச வேண்டியவர் அவர். நடுவில் மனைவி என்று ஒருத்தி இருப்பதைத்தான் மறந்துவிட்டேன்.

மேனேஜர் என் இளைய மகள். இன்னும் ஒரு வயது முடியவில்லை. மூத்தவள் கல்லூரிக்குப் போன பிறகு, எங்களையே வெட்கப்பட வைத்துக்கொண்டு பிறந்தவர். குரல் கொடுத்தால் நாங்கள் மூன்று பேரும் ஓட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. அதனால் அந்தப் பெயர்.

மூத்தவள் படிப்பது குழந்தை வளர்ச்சி. அவள் பாடப்புத்தகத்தைச் சுட்டுக்கொண்டு போய் வேலையிடத்தில் படித்தேன். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் கூடத்தில் எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட். யார் யாருடைய பொட்டலமோ சரியான வீட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரும். நான் மட்டும் ஊரே கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வருவேன்.

புத்தகம் சொன்னது இதுதான். சின்ன வயதில் பெற்றோர் குழந்தையோடு பேசப் பேசத்தான் அதன் மூளை வளரும். பேசினால் மட்டும் போதாது. பேசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது "ங்கா" என்றால் நாமும் "ங்கா" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். பந்து போட்டுப் பிடிக்கிற மாதிரி. "தந்தையின் பங்கு" என்று தனி அத்தியாயமே இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

மூத்தவள் விஷயத்தில் என் பங்கு, தூக்கம். அவள் வளர்ந்ததெல்லாம் பகலில். நான் பகலில் இல்லை. ஜன்னலுக்குக் கம்பளிதான் திரை. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பாள் மனைவி. பாத்திரம் கவிழ்க்கக்கூட அடியில் துண்டு விரிப்பாள். என் மகள் நடக்கக் கற்றதே நுனிக்காலில்தான். ஒரு விடுமுறை நாளில் நான் முழித்துக்கொண்டு தூக்கப்போக, யாரோ பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று வீறிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். இனி இரவு வேலைக்குப் போவதில்லை, மூட்டை தூக்கினாலும் பகலில்தான் தூக்குவேன் என்று.

மறுநாள் சாயங்காலம் மனைவி பக்கத்தில் வந்து, "நீங்க தூங்கறப்போ உங்களைப் பார்த்து 'அப்பா'ன்னு சொன்னா. அதுதான் அவ பேசின முதல் வார்த்தை" என்றாள்.

எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு இரவு வேலைக்கே கிளம்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை அன்றிலிருந்து சட்டைப்பையில் வைத்திருக்கிற மாதிரிதான். கூடத்தில் ஓடும் பெல்ட்டில் பார்சல் வராத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். இன்றுவரை கசங்கவில்லை.

இந்த முறை அதை நானே, என் காதால் கேட்க வேண்டும்.

"என்னங்க, படுக்கலையா?" என்றாள் மனைவி, ஷிப்ட் முடிந்து வந்த என்னிடம்.

"இனிமே காலையில ஒரு மணி நேரம் மேனேஜரோட பேசப்போறேன்."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தி வேணா. ஆராய்ச்சி சொல்லுது."

"பொண்டாட்டியோட பேசச் சொல்லி எதுவும் சொல்லலையா?"

"அது வேற அத்தியாயம்."

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் புத்தகத்தைப் படிச்சீங்களா?"

விஞ்ஞானிகள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

பாயில் மேனேஜரை எதிரே உட்காரவைத்து, "அப்பா" என்பேன். காத்திருப்பேன். அவர் என் சட்டைப் பொத்தானை ஆராய்வார். "அப்பா" என்பேன். அவர் எச்சில் குமிழி விட்டு "ப்ரூ" என்பார். விதிப்படி நானும் "ப்ரூ" என்பேன். அவருக்குப் பரம திருப்தி.

"யாரு யாருக்குப் பாடம் எடுக்கறாங்கன்னே தெரியலையே" என்று துடைப்பத்தோடு தாண்டிப் போவாள் மனைவி.

இப்படியே நாட்கள் போயின. என் கண்ணுக்குக் கீழே கருவளையம் வளர்ந்தது. மேனேஜரின் "ப்ரூ" மட்டும் நன்றாக முன்னேறியது.

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவளும் வீட்டில் இருந்தாள். பாடம் நடந்துகொண்டிருந்தது. "சொல்லும்மா, அப்..." என்று ஆரம்பித்தவன், "பா" வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தத்தில் அரைக்கண் திறந்தேன். மேனேஜர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். புருவத்தைச் சுருக்கினார். விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். அது வழி தப்பி மூக்கில் நின்றது.

"ஷ்ஷ்ஷ்!"

"அம்மா! முதல் வார்த்தை!" என்று கத்தினாள் மூத்தவள்.

மனைவி ஓடி வந்து வாரி அணைத்தாள். "அப்படியே அக்காவேதான்! இவளும் முதல்ல இதைத்தான்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் மறு அரைக்கண்ணும் திறந்துகொண்டது.

"என்ன சொன்னே? மூத்தவ முதல்ல சொன்னது 'அப்பா' இல்லையா?"

"இப்ப எதுக்குங்க அந்தப் பழங்கதை?"

"இத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டுத்தானே நான் பார்சல் தூக்கறேன்! பொய்யா சொன்னே?"

"பொய்யா? நானா?" இடுப்பில் மேனேஜரை ஏற்றிக்கொண்டாள். ஆயுதம் ஏந்தியாகிவிட்டது. "வாசல்ல உங்க செருப்பைப் பார்த்தா இவ அக்கா 'ஷ்ஷ்'ம்பா. கொடியில உங்க சட்டை ஆடினா 'ஷ்ஷ்'. தெருவுல உங்களாட்டம் மீசை வெச்ச ஆள் போனா, அவருக்கும் 'ஷ்ஷ்'. நான் 'ஷ்ஷ், அப்பா தூங்கறார்'னு சொல்லிச் சொல்லி, அவளுக்கு உங்க பேரே அதுதாங்க. உங்களுக்குப் புரியணுமேன்னு நான் 'அப்பா'ன்னு மாத்திச் சொன்னேன். தப்பா?"

நான் நிபுணர் பக்கம் திரும்பினேன். "நீயே சொல்லும்மா. ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

மூத்தவள் தலையைச் சொறிந்தாள். "அம்மா சொல்றது சரிதான்ப்பா. ஒரு ஆளைக் காட்ட ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா, அது வார்த்தைதான். புத்தகத்துலயே இருக்கு. அதுவரைக்கும் நீங்க படிக்கலையா?"

தந்தையின் பங்கோடு நான் நிறுத்தியிருந்தேன்.

எனக்கு வந்தது கோபம்தான் என்று சொல்லிக்கொண்டேன். செருப்பைப் பார்த்து ஒரு சின்ன விரல், கொடியில் சட்டையைப் பார்த்து ஒரு சின்ன விரல்... வீடு முழுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் கம்பளிக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருந்தாலும் விடக் கூடாது. வீட்டுத் தலைவன் என்று ஒரு மரியாதை இருக்கிறது. "அதெல்லாம் முடியாது! நான் என்ன சொல்றேன்னா..." என்று குரலை உயர்த்தினேன்.

மனைவியின் இடுப்பிலிருந்து மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விரலைத் தூக்கினார். இந்த முறை குறி தப்பவில்லை.

"ஷ்ஷ்ஷ்!"

பெயர் சொல்லியே கூப்பிட்டுவிட்டார். பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.