ஒரே உதையில்

கணக்கு வாத்தியார் கிக்கரை ஓங்கி உதைத்தார். வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கியது.

"வண்டி வாங்குறவர் கிளம்பிட்டாராம்," என்றாள் மனைவி. "இன்னைக்கு இது வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நான் போறேன்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒற்றை சிலிண்டர் கிழட்டு மோட்டார் சைக்கிள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்க, அவளுடைய தையல் மெஷின் சமையலறையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டவரோ இந்த ஒரே ஒருவர்தான்.

வாத்தியார் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, மறுபடி உதைத்தார். சைலன்சர் 'டமார்' என்றது. மாடிவீட்டு ஜன்னல் திறந்து, அதே வேகத்தில் மூடிக்கொண்டது.

"சரி பண்றீங்களா, கெடுக்கறீங்களா?"

"வெடிச்சுதுல்ல? அப்ப நெருப்பு வருது. டைமிங்தான் கொஞ்சம் தப்பு."

அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சம் அதிகமாகவே திருத்திவிட்டார். அடுத்த உதையில் கிக்கர் திரும்பி வந்து கெண்டைக்காலில் ஒன்று வைத்தது.

"இப்ப அது உங்களை உதைக்குது!"

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

நொண்டிக்கொண்டே போய் மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் மெக்கானிக் இல்லை. ஆனால் தெரியாது என்று எதையும் சொன்னதில்லை.

"டைமிங்கைப் பழையபடி வச்சிடுங்க மாமா. கார்புரேட்டரைக் கழட்டி ஊதுங்க."

ஊதினார். வாய் நிறைய பெட்ரோல். திருப்பி மாட்டியதும் கார்புரேட்டர் மூடாத குழாய் மாதிரி ஒழுகியது. கைக்கு அகப்பட்ட துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

"ஐயோ, அது வாடிக்கைக்காரங்க கவுனுங்க!"

வந்த ஆத்திரத்தில் அவள் ஸ்பானரைப் பிடுங்கி கார்புரேட்டரில் ஒரு போடு போட்டாள். ஒழுக்கு நின்றுவிட்டது.

அவள் ஸ்பானரை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"அந்தப் பிளக்கைக் கழட்டிக் குடுங்க. நனைஞ்சு கிடக்கு. இஸ்திரிப் பெட்டி மேல வச்சுக் காயவைக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க, புண்ணியமாப் போகும்."

தொடவில்லை. காய்ந்த பிளக்கை மாட்டி, வலிக்காத காலால் உதைத்தார்.

டுப்... டுப்... டுப்டுப்டுப்!

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி தையல் மெஷினுக்கு இடம் அளக்க டேப்பை எடுத்தே விட்டாள். அதற்குள் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். வண்டி வாங்க வந்தவர்.

வாத்தியார் இன்ஜினை அணைத்தார். "பாருங்க சார், ஒரே உதை!" என்று சொல்லி உதைத்தார். கண்ணாடி ஜன்னல் அதிர வண்டி உறுமியது.

வந்தவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஓடுதா? அடடா, இவ்வளவு பழசு ஓடாதுன்னு நம்பி வந்தேனே சார்! பையனுக்கு வண்டி வாங்கித் தர்றேன்னு தெரியாம வாக்குக் குடுத்துட்டேன். ஸ்டார்ட்டே ஆகாத ஒண்ணாத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன்."