அரைப்பேர்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே கண்காணிப்புக் கமரா பூட்டும் கடை வைத்திருந்த ரமேஸ், இனிமேல் தனக்குக் கீழே ஒரு வேலைக்காரன்கூட இருக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தான். கடையில் வேலைக்காரர்கள் மொத்தமே இரண்டு பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதுளை ஹோட்டல் ஒன்றில் நடந்த ஒருநாள் கருத்தரங்குக்குப் போனவன், பகல் சாப்பாட்டோடு இந்த ஞானத்தையும் வயிறு முட்ட வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஊழியர் என்பது பழைய காலமாம். இப்போதெல்லாம் சுயாதீன ஒப்பந்தக்காரர்தானாம்.

அதுவரை கடை தேயிலைத் தோட்டத்து முறைப்படிதான் நடந்தது. அவன் அப்பா நமுனுகுலவில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர்; ரத்தம் சும்மா விடுமா? காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. கூரை ஏறும் மாடசாமியும் வயர் இழுக்கும் இன்ஸாபும் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு பேர் எப்படி வரிசையாக நிற்பது என்று யாரும் கேட்டதில்லை. ஏழேகாலுக்கு வந்தால் வருகைக் கொப்பியில் அரைப்பேர், அதாவது அரைநாள்தான் விழும். போனில் வேலை பிடிப்பது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது, யார் எங்கே போவது என்று எழுதி வைப்பது எல்லாம் மனைவி தயானி. அதைப் பெரட்டில் உரக்க வாசிப்பது மட்டும் ரமேஸ்.

"இனிமே ஈபிஎப் இல்ல, லீவு இல்ல, பெரட்டு இல்ல. அவங்கவங்களுக்கு அவங்கவங்களே மொதலாளி" என்றான் அடுப்படியில் நின்று.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த தயானி, ஊழியருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். அவன் கருத்தரங்குத் தாளை விரித்து வாசித்தான். எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் சொன்னால் அவர் ஊழியர். சொல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர். அவருக்குச் சொந்தச் சாமான் இருக்க வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் அவர் வேலை செய்யலாம்.

"மாடசாமி அண்ணன் கூரையிலருந்து விழுந்தா?"

"அது அவரோட சுயாதீனம்."

தயானி ரொட்டியைக் கொஞ்சம் பலமாகப் புரட்டினாள். பிறகு சாதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் யாருங்க?"

ரமேஸுக்கு மனைவி மேல் உயிர். ஊரே முதலாளி ஆகும்போது அவளை மட்டும் விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. "நீயும் ஒப்பந்தக்காரர்தான். ஒன்னைய விட்டுருவேனா?" என்றான்.

மறுநாளே கடிதம் அடித்து, ஏணியை மாடசாமிக்கும் ட்ரில்லை இன்ஸாபுக்கும் கடைப் போனைத் தயானிக்கும் சொந்தமாக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். படமும் எடுத்துக்கொண்டான். மாடசாமி ஒன்றுதான் கேட்டார்: "கொந்தரப்புங்களா?" தோட்டத்தில் கொந்தரப்பு என்றால் அளந்துவிட்ட வேலையை முடித்தால் சரி, தலைக்கு மேலே யாரும் நிற்க முடியாது. "அதேதான்" என்றான் ரமேஸ், தான் கங்காணி மகன் என்பதை மறந்து.

வியாழக்கிழமை தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் பதினாறு கமரா பூட்ட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் முடியாவிட்டால் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். ஆறு வருடத்தில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. அது கைவிட்டுப் போனால் பசறையில் தலைகாட்ட முடியாது.

வியாழன் காலை ஏழு மணிக்கு வாசலில் ரமேஸ் மட்டும் வரிசையாக நின்றான். எட்டு மணிக்கு மாடசாமிக்குப் போன் எடுத்தான்.

"வாங்கன்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றார் அவர் மரியாதையாக. "சொன்னா நான் ஊழியராயிருவேன்."

இன்ஸாப் வேறொருவருக்கு வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னான். யாருக்கு என்று கேட்கத் தாளில் இடமில்லை. வீட்டுக்கு ஓடினால் தயானியும் இல்லை. அவள் போனோ ஓயாமல் பிஸி. கடையில் ஏணி இல்லை, ட்ரில் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் இருந்தது.

மனேஜர் காலில் விழுந்தாவது ஒருநாள் தவணை கேட்போம் என்று, இரண்டு பஸ் மாறி, வளைவுக்கு வளைவு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பெக்டரிக்குப் போய்ச் சேர்ந்தான். கூரையில் மாடசாமி, இடுப்பில் புதுப் பாதுகாப்புப் பட்டி. உள்ளே இன்ஸாபின் ட்ரில் சத்தம். கீழே கொப்பியும் கையுமாகத் தயானி. ஒன்பது கமரா ஏறிவிட்டது.

அவள் நிதானமாக விளக்கினாள். மனேஜர் கடைப் போனுக்கு எடுத்தார், அந்தப் போன் இப்போது அவளுடையது. யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்பதால் இந்த வேலையை அவளே பொறுப்பெடுத்தாள். சுயாதீனமாக விழுந்து கிடக்க மாடசாமிக்கு விருப்பம் இல்லை. அதனால் இருவரையும் ஈபிஎப், லீவோடு ஊழியராகச் சேர்த்துக்கொண்டாள்.

ரமேஸுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது அழுகைதான், நிம்மதியில்.

"கடை?" என்றான்.

"கடைக்கு ஒங்க பேருதாங்க. அதை யாரு மாத்துவா?"

அந்த ஒரு வார்த்தையில் அவன் உருகிப்போனான். மடித்து வைத்திருந்த கருத்தரங்குத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினான். "அப்ப என்னையும் ஊழியரா சேத்துக்க. கொப்பியில எனக்கும் ஒரு பேர் போடு."

தயானி பெக்டரி மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"பத்தரையாச்சுங்க. அரைப்பேருதான் விழும்."