துணைக்கு ஒருவர்

"மகனு எந்தா அசுகம்?" என்று குமாஸ்தா கேட்டார்.

"சுகந்தான் ஸாரே," என்றார் சிவதாணு.

குமாஸ்தா 'நோய் ஒன்றுமில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். பக்கத்தில் ஊன்றுகோலுடன் நின்ற மகன் திரவியம், "அப்பா, அசுகம் என்னன்னுல்லா கேட்டாரு," என்று உரக்கச் சொன்னான்.

"ஏம்ல கத்துத? ஆபீஸ்ல மெல்லப் பேசப் படி. பேசுத காரியத்தை எனக்கு விடு."

திரவியத்துக்கு இருபத்தாறு வயது. குழந்தையிலேயே இடது கால் சூம்பிவிட்டது. கைக்குக் குறையில்லை, நின்றுபோன எந்தக் கடிகாரமும் அவன் தொட்டால் ஓடும். அக்காள் வடிவாம்பாளின் கணவர் மலேயாவில் கடிகாரக் கடை வைத்திருந்தார். அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி எழுதியிருந்தார். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும்; அந்த விண்ணப்பத்துக்குத்தான் இந்த ஆபீஸ். கால் ஊனத்தை மறைத்ததாகத் தெரிந்தால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாயில்லாப் பிள்ளை. தன் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது என்ற கவலை சிவதாணுவுக்கு. அந்தக் கவலையில், சாலைக் கடைத்தெருவின் அரிசிக் கடையில் பச்சரிசி கேட்டவர்களுக்கெல்லாம் புழுங்கல் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திருத்தப் போனார். மகனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். திருத்திய காகிதத்தில், 'இரு கால்களும் செயலற்றவர்' என்றிருந்தது.

"எந்தக் கால்னு கேட்டிருப்பாரு," என்றான் திரவியம்.

"எத்தனை காலுன்னாக்கும் கேட்டாரு. ரெண்டுன்னேன். இந்த மலையாளத்துக்காரங்க வாயைத் திறந்து பேசுனால்லா விளங்கும்?"

சாலைக் கடைத்தெருவில் பிறந்து, மலையாளம் பேசியே வளர்ந்தவர் இதைச் சொன்னார்.

மூன்றாம் முறை போனபோது குமாஸ்தா காகிதத்தைத் திருத்த மறுத்துவிட்டார். நடக்க முடியாதவரோடு மலேயாவுக்குப் போகத் துணைக்கு ஒருவர் வேண்டும், துணையையும் டாக்டர் பார்ப்பார் என்று எழுதியே காட்டினார். சிவதாணு தன் பெயரைச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு மகனைக் 'கொண்டு வரணம்' என்று சொல்லி அனுப்பினார் குமாஸ்தா.

"கூட்டிட்டு வரச் சொல்லல்ல, கொண்டு வரச் சொல்லியாச்சு," என்றார் சிவதாணு. "நடந்து போனா நாம பொய் சொன்னதா ஆகும்."

கடையிலிருந்து ஒரு நாற்காலி. மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர். திரவியம் எவ்வளவோ சொன்னான். அப்பாவின் காதில் ஏறவில்லை.

பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள், நாற்காலியில் ஒருவர் தூக்கிச் செல்லப்படுவதைக் கண்டு கும்பிட்டார்கள். யாரோ ஒரு மாலையைப் போட்டார்கள். ஒரு அம்மாள் தன் பையனின் பரீட்சைக்கு ஆசி கேட்டாள். வேறு வழியில்லாமல் திரவியம் ஆசி வழங்கினான். ஆஸ்பத்திரியை அடைந்தபோது பின்னால் ஒரு சிறு கூட்டமே வந்திருந்தது.

படியேறும்போது நாற்காலிக் கால் முறிந்தது. திரவியம் துள்ளி இறங்கி, ஊன்றுகோலில் நின்று, தடுமாறிய அப்பாவை மறு கையால் பிடித்துக்கொண்டான். "சாமி நடந்துட்டாரு," என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வராந்தாவில் நின்ற டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

உள்ளே திரவியம் உண்மையைச் சொன்னான். டாக்டர் அவன் காலைப் பார்த்தார்; ஊன்றுகோலோடு நடக்கவிட்டார்; நின்றுபோயிருந்த தம் கைக்கடிகாரத்தை நீட்டினார். அது ஓடியது. பிறகு சிவதாணுவிடம் பெயரையும் வயதையும் கேட்டார்.

"சாப்பிட்டாச்சு ஸாரே," என்றார் சிவதாணு இரண்டுக்கும்.

இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். சிவதாணு துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். எல்லாம் தன்னால் கெட்டது என்று அவருக்கே தோன்றியது. மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் கம்பவுண்டர் யோசுவா காகிதத்தோடு வந்தார். சிவதாணு எழுந்து கை நீட்டினார். யோசுவா அவரைத் தாண்டிப்போய் அதைத் திரவியத்திடம் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் மலேயா போகலாம் தம்பி. ஒரே ஒரு திருத்தம்: காது கேக்காத அப்பாவுக்கு நீங்கதான் துணை."