முயலுக்கு ஓடினேன், முக்குளிப்பானுக்குக் குதித்தேன்

பெண் பார்க்கப் போகிறவனிடம் யாரும் வீரத்தை எதிர்பார்ப்பதில்லை. மிக்சரைச் சிந்தாமல் சாப்பிட்டாலே போதும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் கடை வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் காலில் புதுச் சப்பாத்தோடு போய் இறங்கினேன். செல்வி தேத்தண்ணீர் கொடுத்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அவள்தான் பிடி கொடுக்கவில்லை. பேசிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாளாம். அதனால் அவள் அப்பா எங்கள் இருவரையும் தேயிலை மலைக்குக் கூட்டிப்போனார்.

"இந்தப் பக்கம் சிறுத்த நடமாட்டம் இருக்கு தம்பி, பாத்து வாங்க" என்றார்.

"நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க" என்று செல்வியிடம் சொன்னேன். (கடையில் கரப்பான் பூச்சி வந்தால் முதலாளியைக் கூப்பிடுகிறவன் நான்.)

சொல்லி வாய் மூடவில்லை, காலடியில் தேயிலைச் செடி குலுங்கிப் பழுப்பாக ஏதோ பாய்ந்தது. "சிறுத்த, சிறுத்த" என்று அலறிக்கொண்டு ஓடினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் கூடைகளைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தார்கள். ரோட்டை எட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். செல்வி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"முயலுங்க" என்றாள் அங்கிருந்தே.

காட்டு முயல். நாம் மிதிக்கப்போகும்வரை அசையாமல் படுத்திருந்துவிட்டு, அதன்பிறகு பாய்கிற பிராணி.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. போன மானத்தை மீட்காமல் கொழும்புக்கு பஸ் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். கீழே தோட்டத்துக் குளத்தில் ஒரு வாத்துக் குஞ்சு மூழ்குவதைக் கண்டதும் யோசிக்கவே இல்லை. (அந்தப் பழக்கம் அதற்கு முன்பும் இருந்ததில்லை.) சப்பாத்தோடு குதித்துவிட்டேன். இடுப்பளவு சேற்றில் நின்று தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தபோது, குஞ்சு எனக்குப் பின்னால் எட்டத்தில் எழும்பித் தலையைச் சிலுப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"அது முக்குளிப்பான் தம்பி. வளந்த பறவ. நாளெல்லாம் முங்கி முங்கித்தான் மீன் புடிக்கும்" என்றார் அவள் அப்பா, கரையிலிருந்து கையை நீட்டியபடி.

இரண்டையும் ஒப்பிட்டால் முயலே தேவலை. மானத்தை வாங்கிவிட்டுக் கண்காணாமல் போய்விடுகிறது. முக்குளிப்பான் திரும்பி வந்து வேடிக்கையும் பார்க்கிறது.

சேறு சொட்ட நின்ற என்னைச் செல்வி மேலும் கீழும் பார்த்தாள். இனி இவள் எனக்கு இல்லை என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

"ஓடவும் தெரியுது, குதிக்கவும் தெரியுதுப்பா" என்றாள் அப்பாவிடம். "எதுக்கு எதுன்னுதான் தெரியல. அத நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்."

அந்தப் பாடம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் வெளியே ஏதோ சத்தம் கேட்டு நான் பதறி எழுந்ததும், எங்கள் மகள் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்: "அம்மா, அப்பா எந்திரிச்சிட்டாரு. இது முயலா, முக்குளிப்பானான்னு சீக்கிரம் சொல்லுங்க."