‘எதுவும் வேணாம்’ என்ற பத்தியும் சுகுணா சொன்ன விடையும்

அன்புத் தங்கை கலைமதிக்கு,

கீரமங்கலத்திலிருந்து அண்ணன் நல்லதம்பி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கீரனூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தோப்பு நலம், பசு நலம், என் மகள் தேவிப்ரியா நலம். உன் அண்ணி சுகுணா எப்போதும் இல்லாத அளவுக்கு நலம். நான்தான் நேற்றிலிருந்து ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் சுகுணா பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் அப்புடியா சொன்னேன்? உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்று திருத்துகிறாள். அதனால்தான் கடிதம்.

உன்னைத்தான் கேட்கிறேன். பத்தாம் வகுப்பை முடிக்காமலே எனக்கு வாழ்க்கைப்பட்டவள், இந்த வயதில் தனியாகப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றபோது நான் தடுத்தேனா? டீச்சராக இருக்கும் என் தங்கையே வந்து சொல்லிக் கொடுக்கட்டும் என்று பெருமையாகத்தானே சொன்னேன்? நீயும் லீவில் வந்து தங்கி, செய்யுளையும் இலக்கணத்தையும் மேலாகத் தொட்டுவிட்டு, ‘பத்தியைப் படித்து விடை எழுதுக’ என்ற பகுதியை மட்டும் விழுந்து விழுந்து சொல்லிக் கொடுத்தாய். முதலில் கேள்வியைப் படி, அப்புறம் பத்திக்குப் போ. கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு. விடை அந்த வரியில்தான் இருக்கும். இல்லாததை உன் கையிலிருந்து போட்டு எழுதாதே. யாராவது ஊகித்துச் சொன்னால், எந்த வரியை வைத்துச் சொன்னார்கள் என்று கேள். நானும் காபியைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன். இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

முதல் அடி எனக்குத்தான். ஒருநாள் தேங்காய் லோடு ஏற்றிவிட்டு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக இந்த மாதிரி நாளில் நான் லாரியில் ஆரம்பித்து, டிரைவரின் மாமியார் வரை ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் சுகுணா என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிடுவாள். அன்றைக்குக் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்க. கேள்வி மொதல்ல. எங்க சாப்புட்டீங்க? ம், இப்பச் சொல்லுங்க." நான் லாரி, பஞ்சர், மழை, டிரைவர் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "இம்புட்டு நீளத்துல சாப்பாடுங்கிற சொல்லே வரலையேங்க" என்றாள். டாக்டர் கூடாது என்ற புரோட்டாவைப் பற்றி நானே வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும்.

நேற்று நடந்ததுதான் கொடுமை. ஆலங்குடியில் முந்திரி வியாபாரம் செய்யும் வெள்ளைச்சாமி, தன் மகன் உதயசூரியனுக்கு நம் தேவிப்ரியாவைப் பெண் கேட்டு, மனைவியோடும் மகனோடும் வந்தார். பையனுக்கு சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். பெரிய இடம். வேண்டாம் என்றால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்து வரச் சொன்னேன். முறுக்கு, கேசரி, காபி எல்லாம் ஒழுங்காக நடந்தன. திடீரென்று சுகுணா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணே, ஒங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லிட்டா நல்லதுங்க" என்றாள். கேள்வியை முதலில் வைக்கிறாளாம்.

வெள்ளைச்சாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எங்களுக்கு எதுவும் வேணாம் தங்கச்சி. ஒங்க பொண்ணுக்கு நீங்க பாத்து செய்யிறதச் செய்யிங்க. மூத்த மருமக வீட்லயும் நாங்க வாயத் தொறந்து கேக்கல. அவுகளா கார் எடுத்துக் குடுத்தாக."

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அப்போதே தலையை ஆட்டிவிட்டு, தெற்குத் தோப்பை யாருக்கு விற்கலாம் என்று மனத்துக்குள் ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். சுகுணாவோ முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப சந்தோசம்ணே. எதுவும் வேணாம்னு சொல்லிட்டீங்க. அப்ப நாங்க எதுவும் செய்யல. நாள் குறிச்சிருவமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைச்சாமி கடித்த முறுக்கை மெல்ல மறந்துவிட்டார். "அதுக்கில்ல தங்கச்சி, நாலு பேரு கேப்பாகள்ல?" என்று இழுத்தார். "கேட்டா, எதுவும் வேணாம்னு நாங்கதான் சொன்னோம்னு சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குத்தானே பெருமை" என்றாள் இவள். அவர் மனைவி செவந்திக்குப் பொறுக்கவில்லை. "கார் வந்துச்சுன்னு இவுக எதுக்குச் சொன்னாகன்னு ஒங்களுக்கு வெளங்கலையா?" என்றார். சுகுணா அடக்கமாக, "வெளங்கலைங்க. ஒங்களுக்கும் கார் வேணும்னு இவுக எந்த எடத்துல சொன்னாக? அதச் சொன்னீங்கன்னா எடுத்துக்கிறேன்" என்றாள். செவந்தி வெள்ளைச்சாமியைப் பார்த்தார். வெள்ளைச்சாமி முறுக்குத் தட்டைப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் தேவிப்ரியா சிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

"ஏன்டி இப்புடிப் பண்ணுன?" என்று கத்தினேன். "நானா ஒண்ணும் சேக்கலைங்க. அவுக சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன். கலைமதி அப்புடித்தான சொல்லிக் குடுத்துச்சு" என்றாள். கலைமதி, எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளைச்சாமி நாலு இடத்தில் பேசுகிறவர். இனி இந்த வீட்டு வாசலை எந்தச் சம்பந்தி மிதிப்பான்? சொந்தபந்தம் என்னை என்ன சொல்லும்? நீ ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேர். நாம் இரண்டு பேரும் ஆலங்குடிக்குப் போய், தெரியாமல் பேசிவிட்டாள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று சொல்லிவிடுவோம். சுகுணாவுக்குச் சொல்லிக் கொடுத்ததையும் நீயே மறக்கடித்துவிட்டுப் போ.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். ரொம்பவும் நன்றாகப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நிலைகுலைந்து போயிருக்கும் உன் அண்ணன்,
நல்லதம்பி

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தைச் சுகுணாவிடமே கொடுத்துத் தொலைத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "கேள்வி ஒண்ணே ஒண்ணுதாங்க. அந்த வீட்ல நம்ம பிள்ள நல்லா இருக்குமா? எந்த வரியில எழுதிருக்கீங்க?" என்றாள். எழுதாமலா இருப்பேன் என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஊர் பேசும் என்று இருக்கிறது. பயம் என்று இருக்கிறது. தோப்பை விற்பதுகூட இருக்கிறது. அந்த வரி மட்டும் இல்லை. நேற்றைவிட இப்போதுதான் ஆடிப்போனேன். தேவிப்ரியாவைக் கூப்பிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "இல்லப்பா. இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ மன்னிப்புக் கேட்க வர வேண்டாம். சுகுணாவுக்கு மீதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வா. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச்சாமி போனில் வந்தார். "தங்கச்சி ஏதோ வெளாட்டாப் பேசிருச்சு மச்சான், நாங்க மனசுல வச்சுக்கல. நேத்துச் சொன்னதுதான், எங்களுக்கு எதுவும் வேணாம்" என்று மறுபடியும் ஆரம்பித்தார். "சரிங்க மச்சான். எதுவும்னா அதுல எங்க பொண்ணும் சேத்திதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.