கீழாநெல்லியும் கம்மாபுரத்துப் பொண்ணும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கீழாநெல்லி பறிச்சிட்டு வரணும்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். விருத்தாசலத்துல ஒரு சின்ன செராமிக் கம்பெனியில பூ ஜாடிக்கும் பொம்மைக்கும் கலர் அடிச்சிக்கிட்டு இருந்தேன். கூட வேலை பாத்த ராசாங்கம் அண்ணன் ஒரு நாளு டீ குடிக்கிறப்போ குண்டு போட்டாரு.

"இந்தக் கலர்ல ஈயம் இருக்குதுப்பா. ஈரல்ல போயி ஒக்காந்துக்கும். கீழாநெல்லிய அரைச்சு வெறும் வயித்துல சாப்புடு. எல்லாத்தையும் அடிச்சிக்கிட்டு வந்துடும்."

எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழம கம்மாபுரத்துல பொண்ணு பாக்கப் போறோம். ஈயத்தோடயா மாப்ள ஆகறது?

மறுநாளே லீவு போட்டுட்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ்ஸு ஏறிட்டேன். வரப்போரமா தேடித் தேடி ஒரு பை நெறைய பறிச்சேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

திரும்பி வர்ற பஸ்ஸுல பக்கத்துல ஒரு பெரியவரு. பைக்குள்ள எட்டிப் பாத்தாரு.

"கீழாநெல்லியா தம்பி? மஞ்சக்காமாலையா?"

"இல்லீங்க, சும்மா."

"சும்மா எவன்யா இத திம்பான்? கைய காட்டு!"

காட்டினேன். முந்தின நாளு முழுக்க மஞ்சக் கலர்ல கைய வுட்டுக் கலக்கியிருந்தேன். பத்து நகமும் மஞ்ச மஞ்சேர்னு இருக்குது!

பெரியவரு எந்திரிச்சே நின்னுட்டாரு. "உப்பு ஆகாது"ங்கறாரு ஒருத்தரு. "எண்ணெயும் ஆகாது"ங்கறாரு இன்னொருத்தரு. கண்டக்டரு என்னைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிட்டாரு.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "வியாதி இருந்தா ஞாயித்துக்கிழம கம்மாபுரத்துக்குப் பொண்ணு பாக்கப் போவனா?"ன்னு கத்தினேன்.

ஒரு அம்மா மெதுவா திரும்பினாங்க. "கம்மாபுரத்துல யாரு வூட்டுக்கு?"

வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். பொண்ணோட அப்பா பேரு, தெரு, வூட்டு அடையாளம் எல்லாம் சொன்னேன்!

"எங்கண்ணன் வூடுதான்"னாங்க.

ரெண்டு நாளு தவறாம கீழாநெல்லிய அரைச்சு உருண்டை புடிச்சு முழுங்கினேன். மூணாம் நாளு கம்பெனி வாசல்ல பொண்ணோட அப்பா நிக்கறாரு. வணக்கம் கூட சொல்லல. நேரா என் கண் எமைய இழுத்துப் பாத்தாரு.

"மஞ்சக்காமாலை இல்லீங்க மாமா!" இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள மாமா! "கலர்ல ஈயம் இருக்குதாம். அது ஈரலுக்குப் போயிடக் கூடாதேன்னுதான்..."

"ஈயம் ஈரலுக்கே போயிடுச்சா?"ன்னு அலறிட்டாரு.

கைய புடிச்சு டாக்டரு வூட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. ரத்தம் எடுத்தாங்க. மறுநாளு ரிசல்ட்டு. ஈரல் நல்லா இருக்குதுன்னு டாக்டரு சொன்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

கீழாநெல்லி கதையெல்லாம் கேட்டுட்டு அப்பறம் கேட்டாரு: "உருண்டைய எந்தக் கையால உருட்டின?"

"இந்தக் கையாலதான் சார்."

நகத்தப் பாத்தாரு. தலையில அடிச்சிக்கிட்டாரு. "ஈயத்துக்குப் பயந்து ஈயத்தையே எலையில சுருட்டித் தின்னிருக்கியேய்யா! மொதல்ல சோப்பு போட்டுக் கை கழுவு. கலர்ல கை வைக்கறப்போ கையுறை போடு. எலைய நம்பி இத வுட்டுடாத."

பக்கத்துல நின்ன மாமா என்னை ஏற எறங்கப் பாத்தாரு. சம்பந்தம் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா ஞாயித்துக்கிழம வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்க. பொண்ணு காப்பி குடுத்துச்சு. "மாப்ளய புடிச்சிருக்குதா?"ன்னு அவங்க அத்தை, அதான் அந்த பஸ்ஸு அம்மா, கேட்டாங்க.

"இருக்குற வியாதிய மறைக்கறவங்க இருக்காங்க. இவரு இல்லாத வியாதியவே பஸ்ஸு பூரா சொல்லிட்டு வந்திருக்காரு. இவரால பொய் சொல்ல முடியாது அத்தை."

கல்யாணம் ஆயி இத்தன வருஷம் ஆச்சு. அத பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டு இருக்கேன்.