கர்ப்பிணிப் பாறை

“அதோ, எதிர்ச் சரிவுல கறுப்பாத் தெரியுதே, அது கரடிதானே?”

தொப்பிக்காரர் இப்படிக் கேட்டபோது அக்கா சொல்லியிருக்க வேண்டிய பதில், பாறை. அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் கண்காணிப்பாளர் படம் போட்டுக் காட்டியே சொல்லியிருந்தார். “எதிர்ச் சரிவுல ஒரு கறுப்புப் பாறை இருக்கும். வர்றவங்க எல்லாம் கரடியா கரடியான்னு உயிரை எடுப்பாங்க. பாறைன்னு சொல்லி அனுப்பிடுங்க.”

ஆனால் அக்கா இந்தத் தேசியப் பூங்காவுக்குப் பருவகால வழிகாட்டி வேலைக்கு வருமுன் பாதி ஆயுளைத் துணிக்கடையில் கழித்தவள். வந்தவர் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்பது கடைப் பாடம். நீலம் கேட்டு நீலம் இல்லையென்றால் பச்சையை விரித்துப் போட்டு, வெயிலில் பார்த்தால் நீலம் மாதிரிதான் இருக்கும் என்று சாதிக்க வேண்டும். தொப்பிக்காரர் குடும்பத்தோடு மூச்சிரைக்க மலை மேல் இருக்கும் பார்வை மேடைக்கு ஏறி வந்திருந்தார். அதுவரை அவர்கள் பார்த்த ஒரே வனவிலங்கு காக்கா. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஆமாங்க, கரடிதான்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? தொப்பிக்காரர் மனைவியைக் கூப்பிட்டார், மனைவி பின்னால் வந்த குடும்பத்தைக் கூப்பிட்டாள், அந்தக் குடும்பம் பஸ்ஸையே கூப்பிட்டது. தொலைநோக்கி ரிப்பேருக்குப் போயிருந்தது மட்டும்தான் ஆறுதல்.

அன்றைக்கென்று பார்த்து இப்படி ஆக வேண்டுமா? வந்து ஒரு வாரம் ஆகிறது. பருவம் முடியும்வரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று கண்காணிப்பாளர் சாயங்காலம் சொல்லப்போகிறார். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து அக்காவுக்கு வீடு பிடிக்கவில்லை, இங்கே எல்லாமே பிடித்திருந்தது. ஊழியர் குடியிருப்பில் கேன்டீன் சமையல்காரியோடு ஒரே அறை. அவள் குறட்டைக்குத் தகரக் கூரையே அதிரும். இருக்கட்டுமே, ஜன்னலைத் திறந்தால் மரம். துணிக்கடை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடைச் சுவர்தான். டீ டம்ளரோடு அந்த ஜன்னலில் நிற்கும்போது, இத்தனை நாள் எங்கே போயிருந்தோம் என்று அக்காவுக்குத் தோன்றும்.

“என்னம்மா, அசையவே மாட்டேங்குது?” என்றார் தொப்பிக்காரர்.

“வயிறு நிறைஞ்சு தூங்குதுங்க.”

“மூச்சு விடுற மாதிரியும் தெரியலையே.”

“மலைக்கரடி மெதுவாத்தான் மூச்சு விடும். அதோட சுபாவம் அப்படி.”

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “எங்கிட்ட ரீல் விடாதீங்க. அது செத்துக் கிடக்கு. இங்க யாருமே கவனிக்கறதில்லையா? நான் ஆபீசுக்குப் போன் போடறேன்.”

செத்த கரடி என்றால் ஆபீசே கிளம்பி வந்துவிடும். கடையில் துணி சாயம் போகுமா என்று கேட்டால், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

“ஐயோ அம்மா, அபசகுனமாப் பேசாதீங்க. அது மாசமா இருக்கு. அதான் படுத்தே கிடக்கு.”

“அட, மாசமா இருக்கா,” என்று மேடை மொத்தமும் உருகியது. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி, சத்தம் போடாதீர்கள் என்று கூட்டத்தை அதட்டினாள். கண்ணாடி அம்மாள் அப்படியும் போன் போட்டாள். போட்டுச் சொன்ன சேதிதான் வேறு: நிறைமாதக் கரடி ஒன்று எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது, உடனே டாக்டரை அனுப்புங்கள்.

அனுப்பிவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்த கால்நடை டாக்டரை எழுப்பி, ஜீப்பில் ஏற்றி, நேரே எதிர்ச் சரிவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆபீசைவிட்டு மேலே வந்தே அறியாத கண்காணிப்பாளர் கையில் ஒயர்லெஸ்ஸோடு மேடைக்கே வந்து நின்றார்.

“முதல்ல பார்த்தது நீங்கதானாமே. நல்ல கண்ணு உங்களுக்கு,” என்றார். அக்கா தரையைப் பார்த்தாள்.

ஒயர்லெஸ் கரகரத்தது. “சார், டாக்டர் பேசறேன். பாதி ஏறிட்டேன். ஒரே முள்ளு, சட்டை போச்சு. மயக்க ஊசி போடணும்னா குட்டியையும் யோசிக்கணும். எத்தனை மாசம்னு அந்தம்மாவைக் கொஞ்சம் கேளுங்க.”

கண்காணிப்பாளர் அக்காவைப் பார்த்தார். அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பாவம், பசியோடு முள்ளில் ஏறுகிற மனுஷன்.

“ஐயா, அது கரடியே இல்லீங்க. நீங்க படத்துல காட்டினீங்களே, அந்தப் பாறைதான். கேட்டவங்க முகம் வாடிப்போகுதேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

கூட்டம் அக்காவை முறைத்தது. கண்ணாடி அம்மாள் மட்டும், “நான் அப்பவே சொன்னேன்,” என்றாள்.

கண்காணிப்பாளருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “உங்களை வெச்சுக்கலாம்னுதாம்மா இருந்தேன். இப்படிப் பண்ணிட்டீங்களே. காலைல முதல் பஸ்ல கிளம்பிடுங்க.”

அக்கா தலையை ஆட்டினாள். ஜன்னலும் மரமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

மறுபடியும் ஒயர்லெஸ். “சார், நெருங்கிட்டேன். நடுவுல ஒரு புதர்தான். ஊசித் துப்பாக்கியை ரெடி பண்ணிட்டேன்.”

“டாக்டர், பயப்படாதீங்க. அது வெறும் பாறையாம். எல்லாம் இந்தம்மா பண்ணின கூத்து.”

ஒயர்லெஸ் கரகரத்தது. பிறகு சிரிப்பு. “நல்லதாப் போச்சு சார். துப்பாக்கி தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போச்சு, இங்கயே கீழ வெச்சுடறேன். சாப்பாடு பையிலதான் இருக்கு. அந்தப் பாறை மேலயே காலை நீட்டி உக்காந்து சாப்பிட்டுட்டு இறங்கறேன்.”

கண்காணிப்பாளர் ஒயர்லெஸ்ஸை அணைத்து இடுப்பில் செருகினார். டாக்டரை அடிவாரத்தில் இறக்கிவிட்டு அப்போதுதான் மேடைக்கு ஏறி வந்திருந்த ஜீப் டிரைவர் எதிர்ச் சரிவைப் பார்த்தார், கண்காணிப்பாளரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“எந்தப் பாறை சார்? அதுதான் போன மழைக்கே உருண்டு ஆத்துல விழுந்துருச்சே.”